முதலாளி பார்த்தால் தப்பிக்கும் தக்காளி

மார்ச் 4, திங்கள்

தக்காளி பிரிக்கும் இயந்திரம் இன்றைக்கு என் மானத்தை வாங்கிவிட்டது. நல்ல தக்காளியைத் தூக்கி எறிந்தது. அழுகலைப் பத்திரமாகப் பெட்டியில் சேர்த்தது. அதுவும் முதலாளி பக்கத்தில் நிற்கும்போது. காலையிலிருந்து ஒரு பிசகு இல்லாமல் ஓடியது. அவர் வந்து நின்று போனை எடுத்துப் பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் கூத்தடிக்க ஆரம்பித்துவிட்டது.

"என்னம்மா இது, ரெண்டு வருஷமா இதத்தான் செஞ்சீங்களா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்றது.

கழிவுப் பெட்டியில் கிடந்த நல்ல தக்காளிகளை ஆளுக்கு ஒரு பையாக வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தோம். அத்தைக்குச் சந்தோஷம். "உங்க மிஷின் அடிக்கடி இப்படிக் கெட்டுப் போனா நல்லதுதான்" என்றார். மாமியார் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

மார்ச் 5, செவ்வாய்

எழுதிப் பார்த்தால் தப்பு கண்ணில் படுமா பார்ப்போம்.

நகரும் பட்டையில் தக்காளிகள் வரிசையாக ஓடி வருகின்றன. மேலே கேமரா. அழுகல் எது என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது கேமராக்காரியின் பாடு. என் பக்கத்து மேசைப் பெண். இந்தப் பட்டப்பெயர் அவளுக்கே பிடித்திருக்கிறது. கேமரா காட்டிக்கொடுத்த தக்காளி பட்டையின் முனைக்கு வந்ததும் ஒரு குழாய் 'புஸ்' என்று காற்றை ஊதி அதைக் கீழே தள்ள வேண்டும். கண் இமைக்கும் நேரம் தாமதித்தாலும் போச்சு. அழுகல் தப்பித்துப் போய்விடும், அதன் பின்னால் அப்பாவியாக வரும் நல்லது அடி வாங்கும். ஊதியது சரிதான், ஊதிய நேரம்தான் சரியில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இங்கே தாமதமும் தப்பும் ஒன்றுதான்.

எந்த வேலையை எப்போது செய்வது என்று இயந்திரத்தின் மூளைக்குச் சொல்லிக்கொடுப்பது நான். மூளை ஒன்று, வேலைகள் பல. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் அது பார்க்கும். அதனால் வரிசை வைத்திருக்கிறேன். முதலில் ஊதுவது. கடைசியில், முன்னால் இருக்கும் திரையில் எண்களை மாற்றுவது. நடுவில், முதலாளியின் போனுக்கு விவரம் அனுப்புவது. பெரிய வேலை வந்து நின்றால் சின்ன வேலை கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

போன் விஷயத்தை முதல் இடத்தில் போடச் சொல்லித்தான் முதலாளி கேட்டார். நான் நடுவில் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

இதில் எங்கே தாமதம் வரும்? ஊதும் வேலையை யாராலும் தடுக்க முடியாதே.

மார்ச் 6, புதன்

முதலாளிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'அவசரம்'. காரணம் இன்றைக்கு ஒரு நாளில் அவர் சொன்னவை: பட்டையின் சத்தத்தைக் குறைக்க வேண்டும், அவசரம். திரையில் நிறுவனத்தின் பெயர் பச்சையில் வர வேண்டும், அவசரம். வாசல் விளக்கு மினுக்குகிறது, அவசரம்.

"எதை முதல்ல செய்யறது சார்?"

"எல்லாமே அவசரம்தாம்மா."

"சரி சார், எது எப்பக்குள்ள வேணும்?"

"இப்பவே."

விளக்கை ஃபிட்டர் அண்ணன் மாற்றினார். பெயரை நான் பச்சையாக்கினேன். அழுகலைத் தப்பவிடும் இயந்திரத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 8, வெள்ளி

நேற்றும் இன்றும் முதலாளி வெளியூர். இயந்திரம் தங்கம். ஒரு தக்காளிகூடத் தப்பவில்லை. நானே அழுகலையும் நல்லதையும் மாற்றி மாற்றி நெருக்கமாகப் போட்டுப் பார்த்தேன். ம்ஹூம். அசையவில்லை.

மார்ச் 11, திங்கள்

அவர் வந்தார். நின்றார். தப்பியது.

ஃபிட்டர் அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "தங்கச்சி, மிஷின்ல ஒண்ணும் இல்ல. அவரு கண்ணுதான்" என்றார். குழாய், வால்வு, பட்டை எல்லாவற்றையும் மூன்றாம் முறையாகப் பிரித்து மாட்டிய களைப்பு அவருக்கு.

கேமராக்காரி, "இல்லண்ணே, அது அக்கா மாதிரியே. அவர் வந்தா அதுக்கும் கை கால் பதறுது" என்றாள்.

சிரித்தோம். எனக்கு உள்ளே சிரிப்பு வரவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

நல்லதும் கெட்டதுமாக ஒரு செய்தி. பெரிய தக்காளிப் பண்ணைக்காரம்மா ஒருவர் இருபத்திரண்டாம் தேதி இயந்திரத்தைப் பார்க்க வருகிறார். பிடித்திருந்தால் வாங்குவார். அன்றைக்கும் இயந்திரம் கூத்தடித்தால் என் மூளையைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்து ரெடிமேட் மூளை ஒன்றை வாங்கி மாட்டுவதாக முதலாளி முடிவு செய்திருக்கிறார். அதன் விளம்பரத் தாள் அவர் மேசையில் கிடக்கிறது, பளபளவென்று.

"உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்லம்மா" என்றார். இந்த வாக்கியம் யார் வாயிலிருந்து வந்தாலும் நம்பிக்கை போய்விட்டது என்றுதான் அர்த்தம்.

பயமாக இருக்கிறது. வேலை போய்விடும் என்றுகூட இல்லை, வேறு ஏதாவது எழுதச் சொல்வார்கள். இயந்திரத்தை என் பிள்ளை என்றெல்லாம் சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் அதன் தலைக்குள் இருக்கும் ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. அதைப் பிடுங்கிப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க என்னால் முடியாது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஈரத் தலையோடு வந்தவர் முழுதாகக் கேட்டார். தலையைத் துவட்டினார். சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "அப்ப அவர் பாக்கறப்ப மட்டும் வேற என்ன நடக்குதுன்னு பாரேன்" என்றார். எதற்கும் அவர் பதில் இப்படி ஆற அமரத்தான் வரும். ஊதும் வேலைக்கு மட்டும் இவரை வைக்க முடியாது.

மார்ச் 13, புதன்

இன்றைக்கு முதலாளி வரவே இல்லை, பல் வலி. ஆனாலும் மதியம் இயந்திரம் தப்பவிட ஆரம்பித்தது. போச்சு, கண் கதையும் பொய் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியானது.

சாயங்காலம் முதலாளி பல் வலிக் குரலில் போன் செய்தார். "டாக்டர்கிட்ட உக்காந்திருந்தேன். சும்மா போன்ல பாத்துட்டு இருந்தேன். ஏன் கழிவு அவ்ளோ ஏறுது?"

ஃபிட்டர் அண்ணன் கைகொட்டிச் சிரித்தார். "பாத்தியா, போன் வழியாவே கண்ணு படுது."

நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டேன்.

போன்.

இங்கே வந்து நிற்கும்போதும் அவர் கையில் அதுதானே இருக்கும்? இயந்திரத்தைப் பார்ப்பார், போனைப் பார்ப்பார், எண் சரியாக ஏறுகிறதா என்று ஒத்துப் பார்ப்பார். அவர் போனைத் திறந்து வைத்திருக்கும் நேரம் மட்டும்தான் விவரம் அனுப்பும் வேலையே நடக்கிறது. அப்படித்தான் எழுதியிருக்கிறேன். நானேதான்.

மார்ச் 14, வியாழன்

கேமராக்காரியின் போனில் அதைத் திறந்து வைத்தோம். தப்பியது. மூடினோம், சரியானது. திறந்தோம், தப்பியது. கண்ணாமூச்சி விளையாடும் குழந்தைகள் மாதிரி மதியம் வரை இதையே செய்தோம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் ஏன்? போன் வேலை நடுவில்தான் இருக்கிறது. ஊதும் வேலை வந்து நின்றால் அது வாயை மூடிக்கொண்டு ஒதுங்கியாக வேண்டும், ஒதுங்கவும் செய்கிறது. பார்த்துவிட்டேன். பிறகு எப்படி முதல் ஆளையே காக்க வைக்கிறது?

முதலாளியிடம் போய், "சார், அன்னிக்கு ஒரு நாள் மட்டும் போன் பக்கம் போகாம இருந்தா?" என்று கேட்டேன்.

"அம்மா, எங்க இருந்தாலும் போன்லயே பாக்கலாம்னு சொல்லித்தான் அவங்கள வரவச்சிருக்கேன்."

ஃபிட்டர் அண்ணனின் யோசனை, அன்றைக்கு அவர் போனைத் தண்ணீர்த் தொட்டியில் தவற விட்டுவிடலாம் என்பது. கேலிக்குத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

மார்ச் 15, வெள்ளி

ஒன்றும் பிடிபடவில்லை. தலையைப் பிய்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

மார்ச் 16, சனி

அதேதான். திங்கட்கிழமை காலை எங்கள் இயந்திரத்தின் விளம்பரத் தாளுக்குப் புகைப்படம் எடுக்கிறார்களாம், எல்லோரும் நல்ல சட்டையில் வர வேண்டுமாம். அவசரமாம். இருக்கிற கவலையில் இது ஒன்றுதான் குறைச்சல்.

மார்ச் 18, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். காலையிலிருந்து நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. யாராவது துணியை விரித்து இஸ்திரி போட ஆரம்பித்தால், அவர் மடித்து எடுக்கும்வரை வேறு யாரும் பெட்டியைத் தொடக் கூடாது. என் வீட்டுக்காரர் ஒருமுறை குறுக்கே புகுந்து, அத்தை பாதியில் வைத்திருந்த மேசை விரிப்பைத் தீய்த்த நாளிலிருந்து இது அமலில் இருக்கிறது. முக்கோணக் கறையோடு அந்த விரிப்பு இன்னும் மேசை மேல்தான் கிடக்கிறது, சாட்சிக்கு.

காலையில் அத்தை தலையணை உறைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் கசங்கிய சட்டையோடு போய் நின்றேன். கடைசி உறைதான். "இதோ, ஒரு நிமிஷம்" என்றார். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.

அந்த நேரம் பார்த்து என் நாத்தனார் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். வீட்டிலேயே தையல் தைக்கிறவள் அவள். "அம்மா, இந்தக் கவுனுக்கு எந்தப் பட்டன் வைக்கட்டும்? வாங்கிட்டுப் போக வந்து நிக்கறாங்க." அத்தை பெட்டியை நிமிர்த்தி வைத்தார், பாதி உறையை அப்படியே விட்டார், உள்ளே போனார். பட்டன் டப்பாவைத் தரையில் கவிழ்க்கும் சத்தம் கேட்டது.

நான் நின்றேன். உறை பாதியில் கிடக்கிறது, பெட்டியைத் தொடக் கூடாது. உள்ளே நீலமா வெள்ளையா என்று விவாதம். இரண்டு துளையா நாலு துளையா என்று அடுத்த விவாதம். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

கத்திவிட்டேன். "அத்தையை இப்ப யாரும் கூப்பிடாதீங்க. அவங்க அந்த உறையை முடிக்கிற வரைக்கும் என் அவசரம்தான் அவங்க அவசரம்."

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "நான் உங்கள நிறுத்தலயே அண்ணி. உங்க சட்டை என் பட்டனை விட முக்கியம்தான், ஒத்துக்கறேன். ஆனா தலையணை உறையை விட பட்டன் முக்கியம் இல்லயா?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அத்தை செய்ததிலும் இல்லை. வீட்டில் எல்லோரும் ஒழுங்காக நடந்துகொண்டோம், என் பஸ் போய்விட்டது.

அத்தை வந்து பெட்டியைக் கையில் எடுத்தபடியே, "நீ நிக்கறது எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படிம்மா தெரியும்? முதல்லயே சொல்லியிருந்தா கூப்பிட்டிருக்க மாட்டாளே" என்றார்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தை பயந்துவிட்டார். "ஏம்மா, என்ன ஆச்சு?"

சட்டைக்கு இஸ்திரி போடவில்லை. கசங்கியதையே மாட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடினேன்.

கணக்கு. அதைத்தான் மறந்துபோயிருந்தேன். நல்லது எத்தனை, கழிவு எத்தனை என்ற கணக்கு மூளைக்குள் ஓர் இடத்தில் இருக்கிறது. ஊதும் வேலை அங்கே போய்க் குறித்துக்கொண்டுதான் அடுத்த ஊதலுக்குத் திரும்பும். திரை வேலையும் அங்கே போய்த்தான் எண்ணைப் படிக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கைவைத்தால் எண் குழம்பிவிடும் என்று, ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர் வெளியே காத்திருக்கும்படி ஒரு பூட்டு வைத்திருக்கிறேன். எங்கள் இஸ்திரிப் பெட்டிச் சட்டமேதான்.

திரை வேலை, பாவம், கடைசி ஆள். பூட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போகிறது, ஒரு நொடி வேலைகூட இல்லை. அதற்குள் போன் வேலை வந்து, 'தள்ளு, நான் உன்னைவிடப் பெரியவன்' என்கிறது. திரை வேலை ஒதுங்குகிறது, பூட்டு அதன் கையிலேயே இருக்கிறது. இப்போது ஊதும் வேலை வந்து வாசலில் நிற்கிறது. போன் வேலையை அது தள்ளலாம். தள்ளி என்ன பயன், வேண்டியது பூட்டு. பூட்டை வைத்திருப்பவர் நகர வேண்டும், அவரை நகரவிடாமல் நடுவில் ஒருவர் பட்டன் தேடிக்கொண்டிருக்கிறார். முதலாளி போனைத் திறக்காத நாட்களில் நடு ஆளே கிடையாது. அதனால்தான் அவர் இல்லாதபோது எல்லாம் தங்கம்.

வாசலில் பெரிய ஆள் காத்திருந்தால், உள்ளே இருக்கும் சின்ன ஆளுக்கு அந்தப் பெரியவரின் இடத்தைத் தற்காலிகமாகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பூட்டை விட்டதும் அவர் பழையபடி கடைசி ஆள். பூட்டை அமைக்கும் இடத்திலேயே இதற்கு ஒரு வசதி இருக்கிறது. நான் தொடாததால் அது 'வேண்டாம்' என்றே கிடந்திருக்கிறது. 'வேண்டும்' என்று மாற்றினேன். ஒரே ஒரு வரி.

கேமராக்காரி போனைத் திறந்து வைத்தாள். சாயங்காலம் வரை ஓட்டினோம். ஒன்றுகூடத் தப்பவில்லை.

புகைப்படத்தை மறந்தே போனேன். கடைசியில் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார்கள். எல்லோரும் விறைப்பாக நிற்க, நான் மட்டும் குப்பையிலிருந்து எடுத்த மாதிரிச் சட்டையில் வாயெல்லாம் பல்லாக.

மார்ச் 19, செவ்வாய்

"சார், இன்னிக்கு நாள் முழுக்க போன்ல பாத்துட்டே இருங்க."

"என்னை வேலை வெட்டி இல்லாதவன்னு நெனச்சீங்களா?" என்றார். ஆனால் நாள் முழுக்கப் பார்த்தார். சாயங்காலம் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று கவலையோடு வந்து நின்றார். கழிவுப் பெட்டியில் அழுகல் மட்டும்தான் இருந்தது.

தலையை ஆட்டிவிட்டுப் போனார். பளபளத் தாள் மட்டும் அவர் மேசை மேல் இன்னும் இருக்கிறது.

மார்ச் 21, வியாழன்

நாளைக்கு. சட்டை தயார். அத்தையே இஸ்திரி போட்டுக் கொடுத்தார், யார் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காமல்.

மார்ச் 22, வெள்ளி

பண்ணைக்காரம்மா நான் நினைத்த மாதிரி இல்லை. குள்ளமாக, வெயிலில் கறுத்த கையோடு, வண்டி நிறையச் சொந்தத் தக்காளியோடு வந்தார். கூடவே அவர் தங்கை, இரண்டு மேற்பார்வைக்காரர்கள், டிரைவர். முதலாளி பெருமையாக, "எங்க இருந்தாலும் போன்லயே பாக்கலாம்மா" என்றார். அந்த அம்மா உடனே, "அப்படியா, எல்லாரும் பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

எல்லோரும் போனைத் திறந்தார்கள். முதலாளியும். டிரைவர்கூட.

ஒரு போன் திறந்தாலே கூத்தடித்த இயந்திரம். ஃபிட்டர் அண்ணன் என்னைப் பார்த்தார். கேமராக்காரி என் முழங்கையைக் கிள்ளியபடியே நின்றாள், இப்போதும் சிவந்திருக்கிறது. ஒரு நடு ஆளுக்கு வைத்தியம் பார்த்தேன், இத்தனை பேர் சேர்ந்து வந்தால்? கணக்கு தெரியும், எத்தனை பேர் வந்தாலும் ஒன்றுதான். ஆனால் அந்த நேரத்தில் கணக்கா நினைவுக்கு வருகிறது? கண்ணை மூடிக்கொண்டேன். புஸ், புஸ், புஸ் என்று சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொன்றும் அதனதன் நேரத்தில்.

அந்த அம்மா திரையையும் பார்க்கவில்லை, போனையும் பார்க்கவில்லை. கழிவுப் பெட்டிப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, விழுந்தவற்றை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டி முழுவதும். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"என்னோட நல்லது ஒண்ணுகூட இதுல இல்ல" என்றார். "இதுக்கு மூளை எங்க வாங்கினீங்க?"

முதலாளி என் பக்கம் கையைக் காட்டினார். "வாங்கலம்மா. இவங்க எழுதினாங்க."

அழுதுவிட்டேன். தூசி என்று சொன்னேன். தக்காளியில் ஏது தூசி என்று கேமராக்காரி எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

மார்ச் 27, புதன்

பண்ணைக்காரம்மா வாங்கிக்கொண்டார். ஒன்று இல்லை, மூன்று. மூளை என்னுடையதுதான்.

பளபளத் தாள் இப்போது ஃபிட்டர் அண்ணனின் எண்ணெய் டப்பாவுக்கு அடியில் விரித்துக் கிடக்கிறது.

முதலாளி சந்தோஷத்தில் ஒரே மூச்சில் நாலு அவசரம் சொன்னார். "சார்," என்றேன், "அவசரமா இல்லையான்னு நான் கேக்கல. எப்பக்குள்ளன்னுதான் கேக்கறேன். அது தெரிஞ்சா நாலையும் செஞ்சிடலாம். தெரியலன்னா நாலும் ஒண்ணை ஒண்ணு இடிச்சிட்டு நிக்கும்."

"இப்பவே" என்று சொல்ல வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 5, வெள்ளி

எங்கள் விளம்பரத் தாள் அச்சாகி வந்தது. கசங்கிய சட்டையோடு நான்தான் நடுவில். அத்தை அதைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் காட்டுகிறார், "என் தலையணை உறையாலதான்" என்று சொல்லிச் சொல்லி. மறுக்க முடியவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

காலையில் போன் அடித்தது. முதலாளி. ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்காரர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். தையல் மிஷின் சத்தம் நின்றது. அத்தைகூடப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டார்.

"அம்மா, திரையில எழுத்து கொஞ்சம் பெருசா இருந்தா நல்லாருக்கும்னு பண்ணையில கேக்கறாங்க."

அடுத்து வரப்போகும் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். மறுமுனையில் அவர் யோசிக்கும் சத்தம் கேட்டது.

"வியாழக்கிழமைக்குள்ள செஞ்சா போதும்" என்றார்.

"சரி சார்."

போனை வைத்தேன். "என்னவாம், அவசரமாமா?" என்றார் அத்தை.

"இல்ல அத்தை. நீங்க உறையை முடிங்க."

செவ்வாய்க்கிழமையே முடித்துவிடுவேன். அவரிடம் சொல்லவில்லை.